ஈயம் ஏன் பிடிக்கவில்லை? சர்க்யூட் போர்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கெட்ட இணைப்பைக் கண்டதும் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை, சால்டரிங் அயர்னின் சூட்டைக் கூட்டுவது. ஈயம் உருகவில்லையா, கூட்டு. ஒட்டவில்லையா, கூட்டு. பாகத்தின் இரண்டு கால்கள் சேர்ந்து ஒட்டிக்கொண்டனவா, அதற்கும் கூட்டு. நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். எங்களுடையது சிறிய பட்டறை. ஒரு தடவைக்கு ஐம்பதிலிருந்து இருநூறு போர்டுகள் வரை பூட்டித் தருகிறோம். ஈயத் துகள் கலந்த கூழான பேஸ்ட்டைத் துளைத் தகடு வழியே கையால் இழுக்கும் ஸ்டென்சில் சட்டம், அந்தப் பேஸ்ட்டை உருக்க மேசை மேல் வைக்கிற ரீஃப்ளோ அடுப்பு, நான்கு சால்டரிங் அயர்ன்கள், இவ்வளவுதான் சொத்து. இத்தனை காலத்தில் சூட்டைக் கூட்டித் தீர்ந்த பிழைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டியதால் பிறந்த பிழைகளுக்குக் கணக்கில்லை. அதனால் இந்த வழிமுறையில் வெப்பத் திருகியைத் தொடுவது எப்போதும் கடைசியில்தான் வரும்.

தொடுவதற்கு முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நேர் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் விரிசல் தெரியாது. பார்த்ததைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். அயர்ன் பட்ட மறுநொடி தடயம் அழிந்துவிடும்.

பிறகு ஒரு கேள்வி: பிழை எங்கே திரும்பத் திரும்ப வருகிறது? எல்லாப் போர்டிலும் ஒரே இடத்தில் வந்தால் போர்டின் வடிவமைப்பையோ ஸ்டென்சிலையோ சந்தேகியுங்கள். ஒரே போர்டில் பல இடங்களில் வந்தால் பேஸ்ட், அடுப்பு, போர்டின் மேற்பூச்சு ஆகியவற்றைப் பாருங்கள். ஒழுங்கே இல்லாமல் சிதறி வந்தால் அநேகமாகக் கைவேலைதான் காரணம். இந்த ஒரு கேள்வி பாதி நாளை மிச்சப்படுத்தும்.

கையில் இருக்கும் ஈயம் எது என்பதும் தெரிய வேண்டும். நாம் எல்லாவற்றையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 63/37 கம்பியில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகிச் சட்டென்று உறையும். 60/40 கம்பி 183இல் இளகத் தொடங்கி 190ஐ ஒட்டித்தான் முழுக்க உருகும். இடையில் கூழாக நிற்கும் அந்தச் சில டிகிரிகளில் கை அசைந்தால் இணைப்பு கெட்டுவிடும். காரீயம் இல்லாத சாக் 305இல் 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. உருகுவது 217 முதல் 220 டிகிரியில். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுக் கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு இந்த வகை உலகெங்கும் பரவிவிட்டது.

சாக் 305 இணைப்பு இயல்பிலேயே மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பளபளக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல இணைப்பை மறுபடி சுட்டுக் கெடுப்பவர்கள் எங்கள் பட்டறையிலேயே உண்டு. பளபளப்பை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். ஈயம் பேடின், அதாவது கால் ஒட்ட வேண்டிய உலோகத் திட்டின், விளிம்புவரை மெலிந்து இறங்கியிருக்க வேண்டும். நடுவில் உள்வளைந்து, பாகத்தின் கால் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டும். ‘ஈயம் பூசினாற்போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும்’ என்பார்களே, அதைப் பாத்திரத்துக்குச் சொன்னார்களோ என்னவோ, சர்க்யூட் போர்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஈயம் ஒட்டாமல் உருண்டை கட்டி நிற்கிறது

தாமரை இலைத் தண்ணீர் போல ஈயம் உருண்டு நிற்கிறதென்றால் அடியில் சுத்தமான உலோகம் இல்லை. எது அழுக்கு என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. லென்ஸில் பாருங்கள். ஈயம் காலின் மேல் ஏறிப் படிந்து, பேடில் மட்டும் உருண்டிருந்தால் பேடில் குறை. பேடில் பரவி, காலைச் சுற்றி மட்டும் பள்ளம் விட்டிருந்தால் காலில் குறை. இரண்டிலும் ஒட்டவில்லை என்றால் அயர்னின் சூடான முனையான பிட்டைப் பாருங்கள், கறுத்துப் போயிருக்கும்.

பிட்டிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் அதுதான் அடிக்கடி குற்றவாளி. கறுத்த பிட் சூட்டைக் கடத்தாது. திருகியில் 400 என்று காட்டினாலும் போர்டுக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. பித்தளைச் சுருளில் குத்தி எடுத்து, உடனே புது ஈயம் பூசிப் பாருங்கள். உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். பிட்டின் உள்ளே இருப்பது செம்பு, மேலே மெல்லிய இரும்புப் பூச்சு. அந்தப் பூச்சு போய்விட்டால் உருகிய வெள்ளீயம் செம்பைத் தின்று சில நாட்களில் குழி பறித்துவிடும். வேலை முடிந்து அயர்னை அணைக்கும்போது பிட்டின் நுனியில் ஈயம் பூசிய நிலையிலேயே விடுங்கள். துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டுப் போவதுதான் பிட்டுக்குச் செய்யும் துரோகம்.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் நவச்சாரத் தூளைத் தூவித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குப்பென்று வெள்ளைப் புகை எழும், கருமை விலகும், ஈயம் ஓடும். போர்டு வேலையில் ஃப்ளக்ஸ் என்ற பொருள் செய்வதும் இதே வேலைதான். ஆனால் நவச்சாரத்தையோ குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸையோ போர்டில் வைத்தால் அன்றைக்கு ஈயம் அழகாக ஓடும், சில வாரங்களில் செம்புத் தடம் பச்சை பூத்து அறுந்துவிடும். போர்டுக்கு ரோசின் வகையோ, கழுவத் தேவையில்லாத வகையோதான்.

காலில் குறை என்றால், பாகம் வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்திருக்கும். ஃப்ளக்ஸ் தடவி, தனியாக ஒரு முறை ஈயம் பூசி, பிறகு போர்டில் ஏற்றுங்கள். பேடில் குறை என்றால் விரல் எண்ணெயாக இருக்கலாம்; ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும். செம்பின் மேல் கரிமப் பூச்சு மட்டும் உள்ள ஓஎஸ்பி போர்டாக இருந்து, ஒரு பக்கம் அடுப்பில் போய் வந்த பிறகு நாட்கணக்கில் காத்திருந்திருந்தால், பூச்சு தளர்ந்து செம்பு மங்கியிருக்கும். அதற்கு மருந்து சற்று வீரியமான ஃப்ளக்ஸ்; அடுத்த முறை இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் முடித்துவிடுவது.

எல்லாம் சுத்தமாக இருந்தும் ஒட்டவில்லையா? உங்கள் கையைக் கவனியுங்கள். ஈயத்தைப் பிட்டில் உருக்கி எடுத்துக்கொண்டு போய் இணைப்பில் அப்பினால், கம்பிக்குள் இருந்த ஃப்ளக்ஸ் வழியிலேயே புகைந்துவிடும். பிட் காலையும் பேடையும் ஒருசேரத் தொட வேண்டும்; ஒரு நொடி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை இணைப்பில் வைக்க வேண்டும். மொத்தம் இரண்டு முதல் நான்கு நொடி.

முதலில் நன்றாகப் பரவி, பிறகு பின்வாங்கித் திட்டுத் திட்டாக நின்றால் கதை வேறு. பேடின் பூச்சே கெட்டிருக்கிறது. அந்தப் போர்டுகளோடு மல்லுக்கட்டாமல் செய்தவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

சில கால்களில் மட்டும் ஈயம் துளைக்குள் இறங்கவில்லை

எப்போதும் கிரவுண்ட் கால்தான், கவனித்திருக்கிறீர்களா? பக்கத்துக் கால்கள் எல்லாம் ஒரே நொடியில் பிடித்திருக்கும். இது மட்டும் மேலே குவிந்து, மறுபக்கம் வெறும் துளையாகத் தெரியும். அந்தக் கால் ஒரு பெரிய செம்புத் தளத்தோடு சேர்ந்திருக்கிறது. நீங்கள் கொடுக்கும் சூட்டை அந்தத் தளம் உறிஞ்சிக்கொண்டே போகிறது.

புதியவர்கள் இங்கே ஊசிமுனைப் பிட்டோடு 450 டிகிரி வரை போவார்கள். சிறிய வேலைக்குச் சிறிய முனை என்ற எண்ணம் நியாயமாகத் தோன்றும். ஆனால் ஊசிமுனை வழியே சூடு கசிவது சின்னத் துளையில் தண்ணீர் கசிவது போலத்தான். உளி வடிவப் பிட், பேடின் அகலத்துக்குச் சமமான முனையோடு, எடுத்துக்கொள்ளுங்கள். அதே 350 டிகிரியில் ஈயம் இறங்குவதைப் பார்ப்பீர்கள். இறங்கவில்லையென்றால் போர்டை அடியிலிருந்து சூடான காற்று ஊதும் கருவியோ சூட்டுத் தட்டோ வைத்து 100 டிகிரி அளவுக்கு முன்சூடு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் திருகி. காரீயக் கம்பிக்கு 320 முதல் 350, சாக் 305க்கு 350 முதல் 380 டிகிரி போதும். அதைத் தாண்டினால் ஃப்ளக்ஸ் கரியும், பேட் பெயரும்.

போர்டு வரைபவர் நம் ஆள் என்றால் அடுத்த பதிப்பில் அந்தப் பேடைச் செம்புத் தளத்தோடு நேரே ஒட்டாமல் நான்கு மெல்லிய கால்வாய்களால் இணைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இறங்கினால் போதும் என்று கேட்டால், மின்னணுப் போர்டுகளுக்கான ஐபிசி-ஏ-610 ஏற்பு விதிகளில் பெரும்பாலான வேலைகளுக்குத் துளையின் ஆழத்தில் 75 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும்.

தட்டினால் வேலை செய்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது

டிவி மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உண்மையில் இங்கே மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன.

முதலாவது, சூடு போதாமல் ஒட்டியது போலத் தோன்றும் இணைப்பு. ஈயம் காலைத் தொட்டு நிற்கும், அதன்மேல் படிந்திருக்காது. இரண்டாவது, உறையும் நேரத்தில் கால் அசைந்ததால் மேற்பரப்பு சுருங்கி வரிவரியாகத் தெரியும் இணைப்பு. மூன்றாவது, நன்றாகத்தான் பிடித்திருந்தது, வருடக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து காலைச் சுற்றி மோதிரம் போல் விரிசல் விட்டது. மின்மாற்றி, ரிலே, சார்ஜர் சொருகும் கனெக்டர் போன்ற கனமான, இழுபடும் பாகங்களில் மூன்றாவதைத் தேடுங்கள்.

தேடும் முறை: மின்சாரம் கொடுத்த நிலையில், குறைந்த மின்னழுத்தப் போர்டாக இருந்தால் மட்டும், மூங்கில் குச்சியால் ஒவ்வொரு பாகமாக லேசாகத் தள்ளிப் பாருங்கள். 230 வோல்ட் நேரடியாக வரும் பகுதியில் இந்த விளையாட்டு வேண்டாம். சந்தேகப்பட்ட கால் கிடைத்ததும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயம் வையுங்கள். மேலாகச் சூடு காட்டி மறுபடி உருக்கினால் மறு மாதமே அதே போர்டு திரும்பி வரும். கனெக்டருக்கு ஈயத்தைக் குவித்துப் பலம் கூட்ட முடியாது. அதன் உலோகக் கூடு போர்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இழுவையைத் தாங்க வேண்டியது அதுதான்.

நான்காவது ஒன்றும் உண்டு, அது இணைப்பே அல்ல. ஒருமுறை ஒரு ரெகுலேட்டர் போர்டில் அரை நாள் முழுக்க ஒவ்வொரு காலாகச் சுட்டுக்கொண்டிருந்தேன். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். கடைசியில் பார்த்தால் போர்டின் ஓரத்தில் இருந்த செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று, ஈயத்தின் விளிம்பை ஒட்டிச் சாய்வாக மயிரிழை விரிசல் விட்டிருந்தது. போர்டுகளைத் தகட்டிலிருந்து கையால் ஒடித்துப் பிரித்தது நானே. ஒடிக்கும் கோட்டுக்கு அருகில் இருக்கும் செராமிக் கெப்பாசிட்டர்களை முதலில் சந்தேகியுங்கள். ஈயத்தால் தீராது; பாகத்தை மாற்ற வேண்டும்.

இரண்டு கால்களுக்கு நடுவே பாலம்

முதலில் சர்க்யூட் வரைபடத்தைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒரே இணைப்பாக இருந்தால் அது பிழையே இல்லை. சிரிக்க வேண்டாம், இல்லாத பாலத்தை உடைக்கப் போய்த் தடத்தையே அறுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பாலம்தான் என்றால் ஃப்ளக்ஸ் தாராளமாக விட்டு, சுத்தமான பிட்டைக் கால்களின் நீளவாக்கில் வெளிப்பக்கமாக இழுங்கள். பெரும்பாலும் ஈயம் பிட்டோடு வந்துவிடும். வராவிட்டால் செம்புப் பின்னலை வைத்து, அதன் மேல் பிட்டை வையுங்கள். பிட்டை முதலில் எடுத்து, பின்னலைப் பிறகு எடுத்தால் பின்னல் பேடோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள்.

ரீஃப்ளோவில் இருந்து வரும்போதே 0.5 மில்லிமீட்டர் இடைவெளிக் கால்களில் வரிசையாகப் பாலம் இருந்தால், திருத்தம் ஸ்டென்சிலில் இருக்கிறது. அடிப்பக்கம் துடைத்தீர்களா? போர்டோடு இடைவெளி இல்லாமல் படிந்திருந்ததா? துளையின் அகலம் பேடை விடச் சற்றுக் குறைவாக இருக்கிறதா? ஸ்டென்சில் 0.15 மில்லிமீட்டர் தடிமன் என்றால் இந்த இடைவெளிக்கு அதிகம், 0.1 அல்லது 0.12 எடுங்கள்.

பேஸ்ட்டின் கதை தனி. அது குளிர்பெட்டியில், 0 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எடுத்தவுடன் மூடியைத் திறந்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் அதில் வியர்த்துப் படியும். மூடிய நிலையிலேயே நான்கு மணி நேரம் வெளியில் வைத்து, பிறகு திறந்து, மெதுவாகக் கலக்குங்கள். சென்னையில் மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் பேஸ்ட் இழுத்தால் அச்சிட்ட கட்டிகள் கண் முன்னாலேயே சரிந்து ஒன்றோடொன்று சேரும். பட்டறையில் நான் முதலில் வாங்கியிருக்க வேண்டியது ஏசி. அடுப்பை முதலில் வாங்கினேன்.

சின்ன ரெசிஸ்டர்கள் எழுந்து நிற்கின்றன

கல்லறைக் கல் போல ஒரு முனை மேலே தூக்கி நிற்கும். 0402 அளவில், அதாவது 1 மில்லிமீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் பாகங்களில் அதிகம், 0603இலும் வரும். உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசைதான் காரணம். ஒரு பக்கத்துப் பேஸ்ட் முன்னால் உருகினால் அது பாகத்தைத் தன் பக்கம் இழுக்கும். எதிர்முனையில் பேஸ்ட் இன்னும் கூழாகக் கிடப்பதால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பாகமோ எடையே இல்லாதது. எழுந்துவிடும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, எந்த முனை தூக்கியிருக்கிறது என்பது. எல்லாப் போர்டிலும் அதே பாகம், அதே முனை என்றால், தூக்கிய முனையின் பேட் பெரிய செம்புத் தளத்தோடு சேர்ந்திருக்கும். அந்தப் பக்கம் தாமதமாகச் சூடேறுகிறது. அங்கேயும் நான்கு கால்வாய் முறைதான் நிரந்தரத் தீர்வு. கை வசம் போர்டுகள் இருக்கும்போது அதைச் செய்ய முடியாது என்பதால் அடுப்பின் வேகத்தை மாற்றுங்கள். 150 முதல் 200 டிகிரிக்குள் போர்டு முழுவதும் சமமாக ஊறும்படி 60 முதல் 120 நொடி கொடுத்து, உருகுநிலையை மெதுவாகத் தாண்ட விடுங்கள். ஏற்றம் நொடிக்கு 1 முதல் 3 டிகிரி. 217க்கு மேல் 45 முதல் 90 நொடி. உச்சம் 235 முதல் 250.

அடுப்பின் திரை காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அது உள்ளே இருக்கும் காற்றின் சூடு. ஒரு பாழான போர்டில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை ஒட்டி உள்ளே அனுப்பிப் பாருங்கள். எங்கள் அடுப்பில் கதவுப் பக்கம் ஒரு மூலை எப்போதும் பின்தங்கும். அந்த மூலையில் மட்டும் பாகங்கள் எழுந்து நின்றபோது நாங்கள் ஸ்டென்சிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாகங்கள் ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றால், வைத்த கை பிசகியிருக்கிறது. ஒரு முனை பேஸ்ட்டைத் தொடாமல் இருந்திருக்கும்.

ஈய மணிகள்

பாகத்தின் இடுப்பருகே ஒரே ஒரு பெரிய மணி என்றால், பாகத்தின் வயிற்றுக்கு அடியில் பேஸ்ட் அதிகம். ஸ்டென்சில் துளையின் உட்புறத்தைக் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். போர்டு முழுக்கத் தூவியது போல நுண்மணிகள் என்றால் பேஸ்ட்டில் ஈரம், அல்லது சூடு மிக வேகமாக ஏறியிருக்கிறது.

இணைப்பில் ஊசி குத்தியது போல் துளை

போர்டுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி, உருகிய ஈயத்தைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. 105 முதல் 120 டிகிரியில் சில மணி நேரம் போர்டுகளைச் சுட்டு உலர்த்திவிட்டுச் செய்தால் நின்றுவிடும். ஓஎஸ்பி போர்டுகளை அப்படிச் சுட்டால் பூச்சு போய் முதல் அறிகுறிக்கே திரும்பிவிடுவீர்கள். உலர்த்திய பிறகும் துளை வந்தால், துளையின் உட்சுவரில் செம்புப் பூச்சு மெலிந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கால்கள்

கால்கள் வெளியே நீளாத, அடியில் நடுப்பேடு உள்ள கியூஎஃப்என் சிப் ஒரு பக்கம் சாய்ந்து, ஓரக் கால்கள் தொடாமல் இருந்தால், நடுவில் பேஸ்ட் அதிகமாகி சிப் மிதந்திருக்கிறது. நடுப்பேடு முழுவதற்கும் ஒரே துளை வேண்டாம். ஜன்னல் கட்டங்கள் போலப் பிரித்து, பரப்பில் பாதி முதல் 70 சதவீதம் வரை மட்டும் பேஸ்ட் விழும்படி செய்யுங்கள். வாயு வெளியேறவும் வழி கிடைக்கும்.

கால்களுக்குப் பதில் அடியில் ஈய உருண்டைகள் கொண்ட பிஜிஏ சிப்பில் விரலால் அழுத்தும்போது மட்டும் வேலை செய்தால், உருண்டையும் பேஸ்ட்டும் தனித்தனியே உருகி, தலையணையில் தலை வைத்தது போல ஒட்டாமல் அமர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே இல்லாமல் உறுதி சொல்வது கடினம். ஃப்ளக்ஸ் உட்செலுத்தி, அடியில் முன்சூடு கொடுத்து ஒருமுறை முழுதாக உருக்கிப் பார்க்கலாம். அழுத்தி அழுத்திச் சோதிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். நல்ல உருண்டைகளும் விரிசல் விடும்.

பேட் பெயர்ந்து வந்துவிட்டது

அதிகச் சூடு, அதிக நேரம், அல்லது ஈயம் முழுக்க உருகுமுன் இழுத்தது. தடத்தின் மேல் உள்ள பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் சுரண்டி, எனாமல் கம்பி ஒன்றைக் காலிலிருந்து தடத்துக்கு இழுத்து, பசையால் ஒட்டிவிடுங்கள்.

கழுவிய பிறகு வெள்ளைப் படலம்

கழுவத் தேவையில்லாத ஃப்ளக்ஸை அரைகுறையாகக் கழுவியதன் விளைவு. கழுவாமலே விட்டிருந்தால் சும்மா கிடந்திருக்கும். தொட்டுவிட்டீர்கள், இனி முழுதாகக் கழுவுங்கள்: புது ஆல்கஹால், பிரஷ், பிறகு இன்னொரு முறை புது ஆல்கஹால். அழுக்கான அதே கிண்ணத்தில் நனைத்துக்கொண்டே இருந்தால் படலத்தை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

சூடானதும் பாகம் கழன்று விழுகிறது

பழுது பார்க்கும் கடைகளில் ‘138 டிகிரி பேஸ்ட்’ என்று ஒன்று பரவலாகப் புழங்குகிறது. 42 பங்கு வெள்ளீயம், 58 பங்கு பிஸ்மத். எளிதில் உருகுவதால் கைக்குச் சுகம். ஆனால் பழைய காரீய இணைப்பின் மேல் இதை வைத்தால் வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்த கலவை சுமார் 96 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். மின்சாரச் சுமை ஏறிச் சூடாகும் டிரான்சிஸ்டர் தானே தன்னைக் கழற்றிக்கொள்ளும். இப்படி ஒரு போர்டு வந்தால், முன்பு யார் எந்தப் பேஸ்ட்டால் தொட்டார்கள் என்று விசாரியுங்கள். பிறகு அந்த இணைப்பின் ஈயம் முழுவதையும் பின்னலால் வழித்து எடுத்து, பேடில் புது 63/37 பூசி, அதையும் ஒருமுறை வழித்துவிட்டு, மூன்றாவது தடவையாகத்தான் பாகத்தை ஏற்ற வேண்டும்.